மூளையில் 'தீங்கற்ற' கட்டி: அந்தச் சொல் சொல்வதும் சொல்லாததும்

சிங்கப்பூரின் ஆயுள் காப்புறுதிச் சங்கம் வரையறுத்துள்ள 37 கடும் நோய்களின் பட்டியலை வாசித்துக்கொண்டே போனால், புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு என்று பெயரைக் கேட்டாலே கலங்கவைக்கும் நோய்களுக்கு நடுவே 'தீங்கற்ற மூளைக்கட்டி' என்றும் ஒன்று இருப்பதைக் காணலாம். தீங்கு அற்றது என்றால் அதற்கு இந்தப் பட்டியலில் என்ன வேலை? நோயறிந்த முதல் வாரத்தில் குடும்பங்கள் மருத்துவரிடம் கேட்பதும் ஏறத்தாழ இதே கேள்விதான். ஒருவர், "புற்றுநோய் இல்லை என்கிறீர்கள், பிறகு எதற்குத் தலையைத் திறக்கவேண்டும்?" என்பார். இன்னொருவர், "தீங்கற்றதுதானே, ஏன் இவ்வளவு சோதனை?" என்பார். அச்சமும் அலட்சியமும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன.

'தீங்கற்ற' என்பது, நுண்ணோக்கியின் கீழ் உயிரணுக்கள் எப்படித் தோன்றுகின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுகின்றனவா என்பவற்றைப் பார்த்து நோய்க்கூறியல் வல்லுநர் இடும் பெயர். கட்டி எங்கே இருக்கிறது, எந்த நரம்பை அழுத்துகிறது, அதைச் சுமப்பவரின் நடையும் பார்வையும் நினைவும் என்னவாகும் என்பவை அந்தப் பெயருக்குள் அடங்குவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் நரம்பு மண்டலக் கட்டிகளை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது; 2021இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படியே இன்று அறிக்கைகள் எழுதப்படுகின்றன. பேச்சில் தீங்கற்றவை எனப்படுபவை பெரும்பாலும் முதல் தரத்தைச் சேர்ந்தவை.

இந்த இடத்தில் நம் வீடுகளில் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. மருத்துவர் 'கிரேட் ஒன்' என்று சொல்வது, வீடு வந்து சேர்வதற்குள் 'முதல் ஸ்டேஜ்' ஆகிவிடுகிறது. ஸ்டேஜ் என்பது புற்றுநோய் உடலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் குறிப்பது; தரம் என்பது உயிரணுவின் குணத்தைக் குறிப்பது. முதல் ஸ்டேஜ் என்று கேள்விப்பட்ட உறவினர், இனி இரண்டு, மூன்று, நான்கு என்று அது படியேறும் என எண்ணி ஒப்பாரிக் குரலில் தொலைபேசியில் பேசத் தொடங்குவார். முதல் தரக் கட்டி அப்படி ஆண்டுக்கு ஒரு படி ஏறிப் போவதில்லை. மிக அரிதாகவே அதன் குணம் மாறுகிறது. எம்ஆர்ஐ படத்தை மட்டும் பார்த்துச் சொல்லப்படும் தரம் தேர்ந்த ஊகமே என்பதையும், திசுவை எடுத்துப் பார்த்த பிறகே அது உறுதியாகும் என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளவேண்டும்.

உடலின் வேறு இடத்தில் இருந்தால் பொருட்படுத்தத் தேவையில்லாத ஒன்று மூளையில் மட்டும் ஏன் பெரிதாகிறது என்பதற்கு விடை, மண்டையோடு என்ற மூடிய பெட்டியில் இருக்கிறது. வளர்ந்தவரின் மண்டையோட்டுக்குள் சுமார் ஒன்றரை லிட்டர் இடம் உண்டு. அதில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டை மூளையும், மீதியை இரத்தமும் மூளைத் தண்டுவட நீரும் நிரப்பியிருக்கின்றன. புதிதாக ஒன்று உள்ளே வளர்ந்தால் இம்மூன்றில் ஏதோ ஒன்று இடம் விட்டுக்கொடுக்கவேண்டும். ஸ்காட்லாந்து மருத்துவர்களான அலெக்சாண்டர் மன்றோ 1783இலும் ஜார்ஜ் கெல்லி 1824இலும் எழுதிய இந்தக் கருத்தே இன்றைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அழுத்தத்தைக் கணிக்க அடிப்படையாக உள்ளது. மெதுவாக வளரும் கட்டிக்கு மூளை நெடுநாள் இடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்த பிறகுதான் சிலருக்கு முதல் அறிகுறியே தெரிகிறது. ஆனால் விட்டுக்கொடுக்க இனி இடமில்லை என்ற நிலை வந்துவிட்டால், அதன் பிறகு ஏற்படும் சிறு வளர்ச்சியும் தலைவலியாக, வாந்தியாக, வலிப்பாக வெளிப்படும். மாறாக, கண் நரம்பை ஒட்டியோ மூளைத்தண்டின் அருகிலோ முளைத்த பட்டாணி அளவுக் கட்டிகூடப் பெருந்தொல்லை தரக்கூடும். அளவைக் கேட்பதற்கு முன் இடத்தைக் கேட்கவேண்டும் என்பது இதனால்தான்.

தீங்கற்ற வகைகளில் மிகப் பரவலானது மெனிஞ்சியோமா. இது மூளைத் திசுவில் தோன்றுவதன்று. மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுகளின் உயிரணுக்களிலிருந்து வளர்ந்து, மூளையை வெளியிலிருந்து அழுத்துவது. 1922இல் இதற்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். பத்தில் எட்டு மெனிஞ்சியோமாக்கள் முதல் தரத்தவை. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக வருகிறது. அறிகுறிகள் இடத்துக்கு இடம் மாறுபடுவதால், பல சமயங்களில் அவற்றை வீட்டில் இருப்பவர்களே முதலில் கவனிக்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால் மூக்கின் கூரையை ஒட்டி வளரும் கட்டி, முகரும் உணர்வை மெல்ல மெல்லத் தின்றுவிடும். தாளிப்பு கருகுவது அடுத்த அறையில் இருப்பவருக்குத் தெரிய, அடுப்பின் முன் நிற்பவருக்குத் தெரியாது. முன்மூளையை அழுத்தும் கட்டி, சுறுசுறுப்பானவரை எதிலும் பற்றில்லாதவராக்கும். அதை மனச்சோர்வு என்றோ, வயதாகிவிட்டது என்றோ, ஓய்வுபெற்ற பிறகு சோம்பலாகிவிட்டார் என்றோ குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும். கண்டறிந்த பிறகு, "எத்தனை நாள் அவரை ஏசினோம்" என்று வருந்தும் மனைவியரும் பிள்ளைகளும் உண்டு.

செவி நரம்பின் மேலுறையில் தோன்றும் வெஸ்டிபுலர் ஷ்வானோமா ஒரு பக்கக் காதை மட்டும் மந்தமாக்கும். தொலைபேசியை இடக்காதிலிருந்து வலக்காதுக்கு மாற்றிக்கொண்டவருக்கே அது ஏன் என்று தெரியாமல் மாதங்கள் ஓடிவிடும். பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டிகள் வேறொரு உலகம். கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு நேர் கீழே இச்சுரப்பி இருப்பதால் இரு ஓரங்களிலும் பார்வை குறைந்து, நெரிசல் நேர எம்ஆர்டி ரயில் நிலையத்தில் பக்கவாட்டில் வருபவர்கள் மேல் இடித்துக்கொள்ள நேரும். வளர்ச்சி ஹார்மோன் மிகும்போது மோதிரமும் காலணியும் சிறுத்துப் போனதாகத் தோன்றும். புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டியால் மாதவிலக்கு நின்று, பிள்ளை பெறாத பெண்ணுக்கும் பால் சுரக்கும். இதை வெட்கத்தால் சொல்லாமல் இருப்பவர்கள் அறியவேண்டியது, இந்த ஒரு வகைக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே வேண்டியதில்லை, காபர்கோலின் போன்ற மாத்திரையிலேயே அது சுருங்கும் என்பதுதான்.

இன்னொரு கூட்டத்தினருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. கீழே விழுந்ததற்காகவோ தலைச்சுற்றலுக்காகவோ எடுத்த படத்தில் தற்செயலாகக் கட்டி தென்படும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பொதுமக்களில் 2000 பேரின் மூளையைப் படமெடுத்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 1.6 விழுக்காட்டினரிடம் அவர்களே அறியாத தீங்கற்ற கட்டிகள் இருந்தன, பெரும்பாலானவை மெனிஞ்சியோமாக்கள். அவர்களில் பலர் அந்தக் கட்டியோடு வாழ்ந்து, வேறு காரணத்தால் முதுமையில் இறப்பவர்கள். படம் எடுக்கப்படாமல் இருந்திருந்தால் அவர்களுக்கு இது ஒரு நோயாகவே இருந்திருக்காது என்பது சற்றே விசித்திரமான உண்மை.

'ஏன் எனக்கு' என்ற கேள்விக்குப் பெரும்பாலோருக்கு விடை கிடையாது. சிறுவயதில் தலையில் பெற்ற கதிர்வீச்சு, அரிதான சில பரம்பரை நோய்கள், சைப்ரோடெரோன் போன்ற சில ஹார்மோன் மருந்துகளை நெடுங்காலம் எடுத்தல் ஆகியவற்றுக்கு மெனிஞ்சியோமாவுடன் தொடர்பு காணப்பட்டுள்ளது. கருத்தடை ஊசியாகப் போடப்படும் மெட்ராக்சிபுரோஜெஸ்டெரோனும் அந்தப் பட்டியலில் சேர்வதை 2024இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. அப்படி எடுத்துவருபவர் மருத்துவரிடம் சொல்லவேண்டும். அதிகம் யோசித்ததாலோ, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுத்ததாலோ, கண்ணேறு பட்டதாலோ மூளையில் கட்டி வருவதில்லை.

மாத்திரைக்குச் சுருங்கும் அந்த ஒரு வகையைத் தவிர்த்தால், சிகிச்சை என்று மூன்று வழிகள் உள்ளன: காத்திருந்து கண்காணித்தல், அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு. முதலாவதே நம்மவர்களுக்கு ஏற்பதற்கு மிகக் கடினமானது. மருந்தும் தராமல், வெட்டவும் செய்யாமல், ஆறு மாதம் கழித்து வரச்சொல்லும் மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்றோ, அரசாங்க மருத்துவமனையில் கூட்டம் அதிகம் என்பதால் தள்ளிப்போடுகிறார் என்றோ குடும்பத்தில் பேச்சு எழும். உண்மையில் இது கணக்குப் போட்டு எடுக்கும் முடிவு. அறிகுறியில்லாத சிறு மெனிஞ்சியோமாக்களில் பல ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டரே வளர்கின்றன, சில வளர்வதே இல்லை. மூளை அறுவை சிகிச்சைக்கோ, எவ்வளவு திறமையான கையில் நடந்தாலும், இரத்தக்கசிவு, தொற்று, வலிப்பு, நரம்புச் சேதம் என்ற ஆபத்துகள் உண்டு. கட்டியின் ஆபத்து கத்தியின் ஆபத்தை மிஞ்சும்வரை காத்திருப்பதே நோயாளிக்கு இலாபம். ஆயினும் பார்வை மங்கத் தொடங்கினாலோ வலிப்பு வந்தாலோ அந்தக் கணக்கு ஒரே நாளில் மாறிவிடும். அவ்வேளையில் பஞ்சாங்கத்தில் நல்ல நாள் தேடிக்கொண்டிருப்பது தவறு. மற்ற நேரங்களில், அறுவைக்கு ஒரு வாரம் முன்பின்னாக நாள் வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அறுவை சிகிச்சை நடந்தால் அத்தோடு முடிந்ததா என்பது அடுத்த கேள்வி. 1957இல் டோனால்ட் சிம்சன் என்ற மருத்துவர் மெனிஞ்சியோமா நோயாளிகளை ஆராய்ந்து, கட்டியையும் அது ஒட்டியிருந்த சவ்வையும் முழுமையாக நீக்கியவர்களில் 9 விழுக்காட்டினருக்கும், ஒரு பகுதியை மட்டும் நீக்கியவர்களில் 44 விழுக்காட்டினருக்கும் கட்டி திரும்ப வந்ததைக் காட்டினார். அப்படியானால் எல்லாவற்றையும் எடுத்துவிடவேண்டியதுதானே என்றால், பெரிய இரத்தக்குழாயையோ கண் நரம்பையோ சுற்றிக்கொண்ட கட்டியில் கடைசித் துண்டை எடுப்பதற்குக் கொடுக்கும் விலை பார்வையாகவோ பேச்சாகவோ இருக்கலாம். இன்றைய அறுவை மருத்துவர்கள் தெரிந்தே கொஞ்சம் விட்டுவைத்து, மீதியைக் கதிர்வீச்சால் கட்டுப்படுத்துவதும் உண்டு. சுவீடனின் லார்ஸ் லெக்செல் உருவாக்கி 1968இல் பயன்பாட்டுக்கு வந்த காமா கத்தி என்ற கருவியில் கத்தியே கிடையாது. பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. அதன் வெற்றி கட்டி மறைவதில் இல்லை, வளராமல் நிற்பதில் இருக்கிறது. அறுவைக்குப் பின் 'மிச்சம் இருக்கிறது' என்று கேட்டு இடிந்துபோகும் குடும்பங்களுக்கு இதை முன்கூட்டியே விளக்கியிருந்தால் பாதிக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

மருத்துவமனைக்குள் நுழைந்த பிறகு வரும் சிறு சிக்கல்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை என்பதால் இங்கே சில. எம்ஆர்ஐ அறைக்குள் போகும்முன் நகைகள் அனைத்தையும் கழற்றச் சொல்வார்கள். தாலிச்சங்கிலியைக் கழற்ற மனம் ஒப்பாத பெண்கள், முந்தின நாளே உலோகக் குண்டுகள் இல்லாத மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொண்டு வந்து, கதிரியக்கப் பிரிவு ஊழியரிடம் அதைச் சொல்லிவிடலாம்; மெட்டியையும் மறக்கக்கூடாது. அரை மணி நேரத்துக்கு மேல் இரைச்சலில் அசையாமல் படுத்திருக்கவேண்டும். மூடிய இடம் என்றால் அச்சம் வருபவர் முன்பே சொன்னால் அமைதிப்படுத்தும் மருந்து பற்றிப் பேசலாம். முடியைப் பொறுத்தவரை, இப்போதெல்லாம் வெட்டும் கோட்டை ஒட்டி ஒரு பட்டையை மட்டும் மழிப்பதே பல இடங்களில் வழக்கம். ஒட்டுமொத்தமாக மொட்டை போட்டுக்கொள்வதையே விரும்பும் நம் பாட்டிமார்களும் இருக்கிறார்கள். முருகனுக்கு நேர்ந்துகொண்டது என்று சொன்னால் எதிர்வீட்டில் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார்கள்!

மருந்துகளில் இரண்டைப் பற்றி விரிவாக அறிந்திருக்கவேண்டும். கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைக்கத் தரப்படும் டெக்சாமெத்தசோன் இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும். இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் காணப்படும் சிங்கப்பூரில் இது சிறிய செய்தியன்று; முன்பு மாத்திரையில் கட்டுப்பட்டிருந்த சர்க்கரைக்குத் தற்காலிகமாக இன்சுலின் ஊசி தேவைப்படலாம். பசி மிகும், தூக்கம் போகும், முகம் உப்பும். இவற்றைக் கண்டு பயந்து அந்த மருந்தைத் தாமாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை மருத்துவரே தருவார். வலிப்பைத் தடுக்கும் லெவெடிராசெட்டம் சிலரை எரிச்சல் மிகுந்தவராக்கும். "அறுவைக்குப் பிறகு ஆளே மாறிவிட்டார்" என்ற குறைக்குப் பின்னால் சில வேளை இருப்பது மாத்திரைதான். அதைச் சொன்னால் மாற்று மருந்து உண்டு. மாத்திரை வேளை தவறுவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டுபவை. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து, இரவெல்லாம் கண்விழித்து, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடக்க விரும்புபவர் அதற்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்வது நல்லது. விரதத்தில் சோற்றை விடலாம், மாத்திரையை விடக்கூடாது. ஊரிலிருந்து வரவழைத்த இலேகியமோ கஷாயமோ எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வலிப்பு வந்தவர் மருத்துவர் அனுமதிக்கும்வரை வாகனம் ஓட்டக்கூடாது என்பது டாக்சியும் லாரியும் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு நோயைவிடப் பெரிய அடியாக இருக்கும். அதைப் பற்றி முதல் சந்திப்பிலேயே மருத்துவச் சமூக ஊழியரிடம் பேசத் தொடங்கவேண்டும்.

உடலைவிட மனத்துக்கு நேர்வதைப் புரிந்துகொள்வது கடினம். புற்றுநோய் என்றால் சுற்றம் கூடும், சமையல் வந்து சேரும், முதலாளி விடுப்புத் தருவார். தீங்கற்றது என்று தெரிந்த மறுநாளே, "நல்லவேளை, கடவுள் காப்பாற்றினார்" என்று எல்லாரும் தத்தம் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். கட்டி மட்டும் தலைக்குள் இருக்கும். மாதக்கணக்கில் நீடிக்கும் களைப்பும் சொல் தேடித் தடுமாறுவதும் வெளியே தெரிவதில்லை. புகார் சொன்னால் நன்றிகெட்டவர்போல் ஆகிவிடுமோ என்று நோயாளியே தன்னை அடக்கிக்கொள்கிறார். அடுத்த எம்ஆர்ஐ தேதி நெருங்க நெருங்க ஒவ்வொரு சாதாரணத் தலைவலியும் கட்டி வளர்ந்ததன் அடையாளமாகத் தோன்றும். படம் எடுக்கும் நாளுக்கும் முடிவு சொல்லும் நாளுக்கும் இடையிலான இடைவெளியை முடிந்தவரை சுருக்கித் தரும்படி கேட்பதும், மருத்துவரைப் பார்க்கத் தனியாகப் போகாமல் இருப்பதும் எளிய வழிகள், ஆனால் உண்மையிலேயே உதவுபவை. இங்குள்ள சிங்கப்பூர் மூளைக்கட்டிச் சங்கம் நோயாளிகளையும் பராமரிப்பவர்களையும் ஒன்றுசேர்க்கிறது. இதே அனுபவம் உள்ள இன்னொருவரிடம் பத்து நிமிடம் பேசுவது, அனுபவமில்லாத உறவினர் நூறு பேரின் ஆறுதலைவிடப் பயன் தரும்.

வயதானவருக்கு நோய் வந்தால், "அம்மாவிடம் சொல்லாதீர்கள், தாங்கமாட்டார்" என்று பிள்ளைகள் மருத்துவரைத் தனியே அழைத்துக் கேட்டுக்கொள்வது நம்மிடையே வழக்கம். அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் பல ஆண்டு கண்காணிக்கவேண்டிய ஒன்றை மறைத்துவைக்க முடியாது. அரைகுறையாகக் கேட்ட அம்மா அதைப் புற்றுநோய் என்றே முடிவு செய்துகொண்டு, பிள்ளைகள் வருந்தக்கூடாதே என்று தெரியாதவர்போல் நடிப்பார். பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைப்பதும் சரியன்று. ஆபத்து, இறப்பு போன்ற சொற்களைப் பதினைந்து வயதுப் பிள்ளை பாட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொல்லாது, மென்று விழுங்கிவிடும். தமிழ் பேசும் மருத்துவரோ தாதியோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும் என்று சந்திப்புக்கு முன்பே கேட்டுவைக்கலாம்.

இனி, முதலில் சொன்ன காப்புறுதிப் பட்டியலுக்கு வருவோம். அதில் கட்டியின் பெயர் இருப்பதனாலேயே பணம் கிடைத்துவிடாது. சங்கத்தின் வரையறைப்படி, கட்டி அறுவையால் நீக்கப்பட்டிருக்கவேண்டும், அல்லது அறுக்க முடியாததாக இருந்து நிரந்தர நரம்பியல் குறைபாட்டை ஏற்படுத்தியிருக்கவேண்டும்; பிட்யூட்டரி சுரப்பியிலும் மண்டையோட்டின் அடித்தளத்திலும் உள்ள கட்டிகள் விலக்கப்பட்டுள்ளன. அறுவை மருத்துவருக்கே மிகச் சவாலான இடம் எதுவோ அது விலக்குப் பட்டியலில் இருப்பது முரண்தான். காத்திருந்து கண்காணிக்கப்படுபவருக்கு அந்தத் தொகை எட்டாது என்பதால், அதை நம்பிக் கடன் வாங்கக்கூடாது. அவரவர் கையில் உள்ள ஒப்பந்தத்தின் ஆண்டையும் வாசகத்தையும் பார்ப்பதே முறை. மருத்துவமனைச் செலவுக்கு, அரசாங்கத்தின் அடிப்படைக் காப்புறுதித் திட்டமான மெடிஷீல்ட் லைஃப், முன்பே இருந்த நோயென்று பாராமல், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கைகொடுக்கும்; தனியார் இணைப்புத் திட்டங்கள் அப்படியல்ல, கட்டி தெரிந்த பிறகு புதிதாக வாங்கினால் அதை விலக்கக்கூடும். வேலை அனுமதி அட்டையில் இங்கு வந்திருக்கும் தமிழகத் தொழிலாளர்களுக்கு, 2023 ஜூலை முதல் முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்கவேண்டும். செலவுக்குப் பயந்து வலிப்பை மறைத்துச் சாரத்தில் ஏறி நிற்பவர்களுக்கு அவர்களின் விடுதித் தோழர்கள் இதைச் சொல்லவேண்டும். தாம் முடிவெடுக்க முடியாமல் போனால் தம் சார்பில் முடிவெடுப்பவரை நியமிக்கும், எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரத்தை, மூளை தெளிவாக இருக்கும்போதே, அறுவைக்கு முன் செய்துவைப்பதை அபசகுனமாக நினைக்கத் தேவையில்லை.

இரண்டாவது கருத்துக் கேட்பது இங்குள்ள மருத்துவரை அவமதிப்பதாகாது. 1949இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கிய வேலூருக்கும், சென்னைக்கும் படங்களை அனுப்பிக் கேட்கும் குடும்பங்கள் சிங்கப்பூரில் பல. அப்போது இரண்டு பக்க அறிக்கையை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது பயனற்றது. குறுந்தட்டில் உள்ள மூலப் படங்களே வேண்டும். அறுவை முடிந்தவுடன் ஊருக்குப் பறப்பதற்கும் மருத்துவரின் அனுமதி வேண்டும், மண்டையோட்டுக்குள் தங்கிய காற்று உயரத்தில் விரியக்கூடும். அந்தக் குறுந்தட்டுகளில் மற்றவை தொலைந்தாலும் முதலாவதைப் பத்திரப்படுத்தவேண்டும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் கட்டியைப் போன ஆண்டின் படத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் எதுவும் இல்லை என்றே தோன்றும். அளவெடுப்பதில் வரும் பிழையே அவ்வளவு இருக்கும். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய முதல் படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் அது வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பது தெரியும்.